குளக்கட்டில் இருந்து: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், எங்கள் ஊர்க் குளத்தடியில் ஐயனார் கல்லோடு நின்ற மருத மரத்தைத் தறித்துவிட்டார்கள் என்று நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்குத்தான் இந்த முறை வந்த கடிதங்களில் பாதி. திட்டியவர்களும் உண்டு. திட்டியவர்களில் இருந்தே தொடங்குவோம்.

கிளிநொச்சியில் இருந்து ஒரு வாசகர்: நான் கட்டுமான வேலை செய்பவன். குளக்கட்டில் மரம் நின்றால் கட்டு உடையும். உடைந்தால் உங்கள் ஐயனார் வந்து அடைப்பாரா?

அடைக்க மாட்டார். கட்டில் பெருமரம் நிற்கக் கூடாது என்பது சரியான கதை. வேர் உள்ளே ஓடும். மரம் பட்டால் வேர் உக்கும், உக்கிய வழியால் தண்ணீர் கசிந்து, மண்ணை அரித்துக்கொண்டு வெளியே வரும். புயலில் சாய்ந்தால் கட்டில் ஒரு பாகத்தையும் கிளப்பிக்கொண்டுதான் சாயும். என் அப்பு கமவிதானையாக, குளத்து நீரையும் வயல் வேலையையும் மேற்பார்க்கிறவராக, இருந்தவர். ஆவணியில் ஊரைக் கூட்டி, கட்டில் முளைத்த பற்றையையும் கன்றையும் வெட்டுவித்த பிறகுதான் குளத்து மதகான துரிசைப் பற்றியே வாய் திறப்பார். கட்டில் மரம் வளர்க்கச் சொன்ன ஒரு பழைய ஆளை நான் காணவில்லை.

தம்பி, நான் எழுதிய மருது கட்டில் நிற்கவில்லை. கட்டுக்குக் கீழே, முதல் வயலுக்கும் கட்டுக்கும் நடுவில் ஒரு பற்றைக் காணி கிடந்தது. எவருக்கும் காணி உறுதி இல்லாத துண்டு. மருது, இலுப்பை, புங்கை, தாழை, காலுக்கடியில் எந்நேரமும் ஈரம். மாடு தேடிப் போனால் அட்டை கடிக்கும். புனரமைப்புக்கு வந்தவர்கள் கட்டைத் துப்புரவாக்கினார்கள், நல்ல வேலை. கையோடு மண் அள்ளும் பெக்கோவைக் கீழே இறக்கி அந்தத் துண்டையும் வழித்தார்கள். மேற்பார்வைக்கு வந்த பொடியன், "ஐயா, இப்ப பாருங்கோ, இடம் எவ்வளவு வடிவு" என்றான். வடிவாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு காலபோகம், அதாவது இரண்டு மாரிமழைப் பயிர்க்காலம், ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதில் கட்டை ஒட்டிய வயல்களில் பயிர் நுனி கருகி நின்றது. பசளை காணாது என்று யூரியா எறிந்தார்கள். அறுவடை முடிந்து மண் காய்ந்த நேரம் நான் போய்ப் பார்த்தேன். வரம்போரமாக, கோலம் போடச் சிந்திய மா மாதிரி வெள்ளைப் பொடி. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த வாத்தியார் பிள்ளைகளுக்குச் செய்யாதே என்று சொன்ன வேலை. கரித்தது.

நடந்தது இதுதான். மண் கட்டு என்றால் கொஞ்சம் கசியும். கசிவு நிலத்தடியால் வந்து முதல் வயலில் மேலெழும். எங்கள் வெயிலில் தண்ணீர் ஆவியாகும், அதில் கரைந்திருந்த உப்பு மேலே தங்கும். வருடா வருடம் தங்கும். கீழே நின்ற மரங்கள் அந்தக் கசிவை வயலுக்குப் போக முன்னரே குடித்துக்கொண்டிருந்தன. சிங்கள ஊர்களில் இந்தத் துண்டுக்குக் கட்டகடுவ என்று பெயரே இருக்கிறது. அதைத் தொடக்கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். உலர் வலயத்தின் அடுக்குக் குளங்களை ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டபோது, மெச்சப்பட்டது வெறும் மண்கட்டு அல்ல. மேலே காடு, அதன் கீழ் மாடும் மிருகமும் குடிக்கச் சிறு பள்ளம், வண்டலை மறிக்கப் புல்லுத் தரை, சோளகம் நேரே வந்து தண்ணீரை உறிஞ்சாமல் காற்றை மறிக்க மரவரிசை, பிறகு குளம், கட்டு, அந்தப் பற்றை, கடைசியில் வயல். ஒரு குளத்தில் கழிந்தது அடுத்த குளத்துக்கு. இவ்வளவும் சேர்ந்ததுதான் அடுக்கு.

எங்களிடம் 'அலைகரை' என்ற சொல் மிஞ்சியிருக்கிறது. குளம் நிரம்பும்போது அலை வந்து தொடுகிற கரை. அங்கே எவரும் வேலி போடுவதில்லை என்று இருந்தது. இப்போது அலைகரையில் உழுந்து விதைக்கிறார்கள், வேலியும் போடுகிறார்கள். கட்டுக்குக் கீழ்த் துண்டுக்கு எங்கள் ஊரில் தனிப்பெயர் இருந்ததாக நினைவில்லை. "ஐயனார் பத்தை" என்போம், அவ்வளவுதான். உங்கள் வரைபடத்தில் அந்தப் பெயர் இருந்திருக்காது. வெறுங்காணி என்றுதான் இருந்திருக்கும்.

போன வருடம் அங்கே திரும்ப நட்டோம். இலுப்பைக் கன்றை ஆடு தின்றது, புங்கையை மாடு மிதித்தது. தாழை மட்டும் பிடித்துக்கொண்டது. அதன் முள்ளுக்கு எதுவும் வாய் வைக்காது.

வவுனியாவில் இருந்து ஒரு வாசகி: என் மாமனார் விறகுக்குக் காட்டுக்குப் போகும்போது ஒரு குழையை முறித்து ஓர் இடத்தில் போட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். என் மகன் அதை மூடநம்பிக்கை என்கிறான். இதற்கு விஞ்ஞான விளக்கம் இருக்கிறதா?

விளக்கம் வேண்டுமென்றால் தரலாம், பிள்ளை. பாதை தொடங்கும் இடத்தில் குழை குவிந்து கிடந்தால், பச்சையாய்க் கிடப்பது இன்று போனவன், வாடிக் கிடப்பது நேற்றுப் போனவன், சருகாய்க் கிடப்பது அதற்கு முந்தியவன். பின்னால் வருகிறவனுக்கு உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரியும். இந்த விளக்கத்தை வகுப்பில் சொல்லிப் பெயர் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் அப்பு அதற்காகக் குழை போடவில்லை. பயத்தில் போட்டார். கரடிக்குப் பயம், தனியன் யானைக்குப் பயம், வழி தவறுவதற்குப் பயம். காட்டுக்குள் யானை என்ற சொல்லையே எடுக்க மாட்டார், "பெரியவர்" என்பார். ஒருநாள், எனக்குப் பத்து வயது இருக்கும், தேனுக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போனார். குழை போட்டதும், "கேட்டாச்சு, இனி வா" என்றார். ஆரைக் கேட்டீங்கள் என்றேன். "காட்டுக்காரனை." பொந்துத்தேன் எடுத்தோம். ஓர் அடையை அப்படியே விட்டுவிட்டுப் பொந்தை இலையால் மூடினார். முழுதும் எடுத்தால் பூச்சி அடுத்த முறை வராது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்னது அதுவல்ல. "கேட்டு வந்த வீட்டில சட்டியை வழிக்கக் கூடாது."

உங்கள் மகன் குழை போட வேண்டியதில்லை. போகும்போது ஒருதரம் நின்றால் போதும். இதைச் சொன்னதற்காக உங்கள் மாமனார் என்னைக் கோபிக்கக்கூடும்.

யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு வாசகர்: முன்னோர் இயற்கையைக் காத்தார்கள் என்பதெல்லாம் கட்டுக்கதை. காட்டை வெட்டி எரித்துத்தானே வன்னியில் பயிர் செய்தார்கள்? உங்கள் பக்கத்து ஒட்டுசுட்டானின் பெயரே சுட்டதைத்தானே சொல்கிறது?

நல்லாய்ப் பிடித்தீர்கள். ஊர்க்கதையும் அதுதான். குரக்கன் வெட்டிய ஒட்டுக்கு, அதாவது மிஞ்சிய தாளுக்கு, நெருப்பு வைத்தார்கள், ஓரிடம் மட்டும் எரியவில்லை, அங்கே தான்தோன்றீஸ்வரர் கிடந்தார் என்பார்கள். அவருக்கு வேகாவனப் பெருமான் என்றும் பெயர். எரித்தவர்கள் கட்டிய கோயிலில் எரியாததைக் கும்பிடுகிறோம். இதில் எனக்கு ஒரு சிரிப்பு உண்டு.

சேனைக்காரர் முனிவர்கள் இல்லை. கோடையில் காடு வெட்டிக் காயவிட்டு, மழைக்கு முன் எரித்து, சாம்பலில் குரக்கனும் சாமையும் எள்ளும் போட்டார்கள். ஒன்றிரண்டு போகத்தில் சாம்பலின் சத்துப் போய்விடும், களை ஏறும், அடுத்த இடம் பார்ப்பார்கள். விட்ட இடம் பத்துப் பதினைந்து வருடம் கிடந்து திரும்பக் காடாகும். ஆள் குறைவு, காடு கூட. அதனால் சரிவந்தது. அதே வேலையை மூன்று வருடத்துக்கு ஒருதரம் அதே துண்டில் செய்தால் கள்ளியும் ஈச்சம்பற்றையும்தான் மிஞ்சும். அப்புவின் அறிவை அப்புவின் காலத்துக் காட்டோடு சேர்த்துத்தான் நிறுக்க வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்வேன். எரிக்கும் துண்டிலும் பாலையை விட்டுவைத்தார்கள். பழத்துக்காகவும் நிழலுக்காகவும்தான், புண்ணியத்துக்கல்ல. இன்றைக்கு மரத்துக்காக வெட்டுகிறவன் முதலில் கை வைப்பது பாலையிலும் முதிரையிலும்தான்.

ரொறன்ரோவில் இருந்து ஒரு வாசகி: பாலைப்பழம் தின்று இருபத்தைந்து வருடம். அந்தப் பிசுக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஊரில் இப்போதும் கிடைக்கிறதா? ஏன் எவரும் தோட்டத்தில் நடுவதில்லை?

கிடைக்கிறது. வைகாசி ஆனியில் ஏ9 வீதியோரம் விற்பார்கள். சின்ன மஞ்சள் பழம், வாய்க்குள் போட்டால் இனிப்பு, பிறகு உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் பூசித்தான் பிரிக்க வேண்டும். நடாததற்குக் காரணம், பாலை அவசரமில்லாத மரம். நட்டவன் பழம் தின்னமாட்டான், அவனுடைய பேரன் தின்னலாம். விதையைப் பரப்புகிற வேலையைக் குரங்கும் பறவையும் கரடியும் பார்த்துக்கொள்கின்றன. பழக்காலத்தில் கரடி மரத்தில் ஏறியே இருக்கும். அந்த மாதம் ஆச்சி எங்களைத் தனியே விடமாட்டா.

வருத்தமான செய்தியும் உண்டு. முன்பு மரத்தில் ஏறிக் கொப்பை உலுப்பி, கீழே சாக்கு விரித்துப் பொறுக்குவார்கள். இப்போது கொப்பையே தறித்து விழுத்தி இருந்துகொண்டு ஆய்கிறார்கள். போன ஆனியில் நான் ஒரு மரத்தைப் பார்த்தேன். மொட்டைத் தலையோடு நின்றது. வாங்கும்போது எப்படி ஆய்ந்தது என்று கேளுங்கள் என்று உங்கள் சொந்தக்காரருக்குச் சொல்லிவிடுங்கள்.

முள்ளியவளையில் இருந்து ஒரு மாணவி: வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கு எரிப்பது எப்படி, சேர்?

இந்தக் கேள்வியை முப்பது வருடமும் பிள்ளைகள் என்னிடம் கேட்டார்கள். முப்பது வருடமும் நழுவினேன், இன்றும் நழுவுகிறேன். எனக்கு அதைவிட அந்த நீர் நடக்கிற பாதையில்தான் ஆசை. முல்லைத்தீவுக் கடலில் எடுத்த தீர்த்தம் உங்கள் ஊர்க் காட்டா விநாயகருக்கு வந்து விளக்காகி, ஒரு கிழமை அங்கே எரிந்து, பிறகு நந்திக்கடல் களப்போரம் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனிடம் போகிறது. கடல், காடு, வயல், களப்பு. வைகாசியில் ஒருதரமாவது இந்த நாலு இடத்து ஆட்களும் ஒரு விளக்கைப் பார்க்க ஒரே இடத்தில் நிற்கிறார்கள். நந்திக்கடலில் இறால் பிடிக்கிறவனுக்கும் மேலே வயல் செய்து மருந்தடிக்கிறவனுக்கும் வேறெங்கே சந்திப்பு? வயலில் அடித்த மருந்து கடைசியில் வந்து சேர்வது அந்தக் களப்பில்தான்.

மன்னாரில் இருந்து ஒரு விவசாயி: ஆட்காட்டி மேட்டில் முட்டையிட்டால் பெருமழை, பள்ளத்தில் இட்டால் வறட்சி என்பார்கள். உண்மையா?

நானும் நம்பி, கொப்பியில் வருடா வருடம் குறித்தேன். ஆனி ஆடியில் வயல்வெளியில் போய் முட்டை தேடுவது. கூடு என்று ஒன்றுமில்லை, நாலு கல்லுக்கு நடுவில் கல்லு மாதிரியே நாலு முட்டை. மிதிக்கப் போன பிறகுதான் தெரியும். அதற்குள் குருவி தலைக்கு மேலே நின்று ஊரைக் கூப்பிட்டுவிடும். கொப்பியைக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் சரியும் பிழையும் பாதிக்குப் பாதி. காசு சுண்டிப் பார்த்திருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததே, அந்த வருடம் எங்கள் வெளியில் குருவி பள்ளத்தில்தான் இட்டிருந்தது. இப்போதெல்லாம் பருவமழை பரவிப் பெய்வதைவிட, ஓரிரவில் வந்து கொட்டிவிட்டுப் போவதுதான் பயம். அதை வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலில் பாருங்கள், குருவியிடம் கேட்காதீர்கள்.

ஆனால் அந்தக் கொப்பி வீணில்லை. முட்டை தேடி நடந்த வருடங்களில், எந்த வரம்பு நண்டு ஓட்டை, எந்த வாய்க்கால் தூர்ந்தது, எந்த மூலையில் நீர் நிற்கும் என்று எனக்கு மனப்பாடம். போனில் மழை பார்க்கத் தொடங்கிய பிறகு அதில் பாதி மறந்துவிட்டது.

மாங்குளத்தில் இருந்து ஒரு வாசகர்: குளத்தில் விராலே இல்லை. எல்லாம் யப்பான் மீன். காரணம் என்ன?

யப்பான் மீன் என்கிற திலாப்பியாவை 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். குளத்து ஏழைக்கு அது சோறு போட்டது, அதைப் பழிக்க எனக்கு மனமில்லை. விரால் குறைந்ததற்கு வலையின் கண்ணைப் பாருங்கள், கோடையில் கடைசி மடுவரை இறைத்துப் பிடிப்பதைப் பாருங்கள். விரால் குஞ்சு பொரித்தால் சிவப்புப் பந்து மாதிரிப் பார்ப்பு மேலே மிதக்கும், தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். தூண்டிலை அந்தப் பந்துக்குள் போட்டால் காவல் நிற்பது பாய்ந்து கடிக்கும், அவ்வளவு லேசு. அதனால்தான் அது கூடாது என்றார்கள். கரப்புக் கூடை குத்தி மீன் பிடிக்கிற எங்கள் பெரியப்பா ஒருதரம் பார்ப்போடு நின்ற விராலைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெரியம்மா கறி வைக்க மறுத்துவிட்டா. அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் சம்பலும் சோறும்தான்.

நெடுங்கேணியில் இருந்து ஒரு வாசகர்: 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளையை நிறுத்தியபோது நீங்கள் ஆதரித்தீர்களா?

இல்லை. நானும் இயற்கைப் பசளைக்காரன்தான். ஆனால் மண்ணுக்கு நாலைந்து வருடம் கொடுத்துச் செய்கிற வேலையை ஒரு வர்த்தமானியால் செய்ய முடியாது. சித்திரையில் சொல்லி வைகாசியில் நிறுத்தினார்கள், கார்த்திகையில் திரும்ப விட்டார்கள். இடையில் நட்டப்பட்டவன் கமக்காரன்.

புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு வாசகி: மொட்டைக்கறுப்பன் விதைநெல் உங்களிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தருவீர்களா? என்ன விலை?

இருக்கிறது. ஆனால் அது வந்த கதையைக் கேளுங்கள். எங்கள் வீட்டு நெற்கூடான கொம்பறையில் அப்பு காலத்திலிருந்து மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் வேப்பிலையும் நொச்சியும் போட்டுக் கிடந்தன. 2009இல் ஊரைவிட்டு ஓடும்போது முதலில் ஒரு சாக்கு ஏற்றினோம். இரண்டாவது இடத்தில் பாதியை அவித்துத் தின்றோம். நாலாவது இடத்தில் மிச்சத்தையும். விதைநெல்லைத் தின்றவன் என்று ஊரில் ஒருவனைச் சொன்னால் அது பெரிய வசை. அந்த வருடம் நாங்கள் எல்லாரும் அந்த ஆட்கள்தான். திரும்பி வந்தபோது கொம்பறை இருந்த இடத்தில் நாலு கல்லுத்தான் நின்றது.

பச்சைப்பெருமாள் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. மொட்டைக்கறுப்பன் செட்டிகுளம் பக்கம் கலியாணம் கட்டிப் போன என் மச்சாளிடம் இருந்தது. சண்டைக்கு முன்னர் அப்பு அவவுக்குக் கொடுத்த விதை. அவ ஒரு மரைக்கால் அளந்து தரும்போது, "அண்ணை, இது உங்கட அப்புவின்ர கடன், இப்பதான் தீருது" என்றா. காசு எடுக்கவில்லை.

ஆகவே விலை இல்லை, நிபந்தனை உண்டு. மாசி கடைசியில் வாருங்கள், சாக்கு நீங்களே கொண்டு வர வேண்டும். ஒரு மரைக்கால் தருவேன். மானாவாரிக்கு நல்லது, உயரமாய் வளரும், பசளை கூடப் போட்டால் சாய்ந்துவிடும், மெசின் வெட்டுக்குச் சரிவராது. கையால் வெட்ட ஆள் பிடித்துவைத்துக்கொண்டு விதையுங்கள். அடுத்த அறுவடையில் ஒன்றரை மரைக்காலாய்த் திருப்ப வேண்டும், ஆனால் எனக்கு அல்ல. உங்கள் ஊரில் கேட்கிற இன்னொரு ஆளுக்கு. யாருக்குக் கொடுத்தீர்கள் என்று எனக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். பச்சைப்பெருமாள் எங்கேயாவது கண்டால் அதையும் அதிலேயே எழுதுங்கள்.